ஐந்து கடதாசிகளும் ஒரு கைத்தொலைபேசியும்



முதியோர் பராமரிப்பு என்றதும் நம்மிற் பலருக்கு முதியோர் இல்லமே கண்முன் வருகின்றது. உண்மையில் நம் நாட்டு முதியோரில் மிகப் பெரும்பாலானோர் தத்தம் வீடுகளிலேயே மூப்பெய்துகின்றனர். அவர்களைக் கவனிப்போர் பலர்: கிளினிக் வைத்தியர், தாதி, தோட்ட மருந்தகத்தார், கிராம உத்தியோகத்தர், வங்கி எழுதுவினைஞர், கொழும்பிலுள்ள மகன், குவைத்திலுள்ள மகள், பக்கத்துக் காம்பிராக்காரி. பலரும் ஆளுக்கொரு பகுதியைப் பார்ப்பதனால் ஒருவரும் முழுதாகப் பார்ப்பதில்லை. இதுவே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பிரச்சினை. இந்தப் பல கைகளையும் ஒன்றுசேர்ப்பதற்குக் கணனியும் கைத்தொலைபேசியும் எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் அவை நின்றுவிடும் என்பதை ஆராய்வோம்.

தெல்தோட்டையில் ஓர் அம்மாயியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் உண்மையான ஆள் அல்லர். ஆயினும் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு அவரை அறிமுகஞ் செய்யவேண்டிய அவசியம் இராது. வயது 74. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கணவர் காலமாகிவிட்டார். தரம் 10 இல் படிக்கும் பேரனோடு லயத்துக் காம்பிராவில் இருக்கின்றார். பிரஷர் உண்டு, சீனி வருத்தம் உண்டு, முழங்கால் நோவு உண்டு. ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை ஆகிவிட்டது. மற்றக் கண் மங்கல். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால் ஒரு பைக்குள் ஐந்து கடதாசிகள் இருக்கும்: ஊர்க் கிளினிக் கொப்பி, கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது கொடுத்த அட்டை, தோட்ட மருந்தகத்துத் துண்டு, வங்கிப் புத்தகம், பிரதேச செயலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம்.

இனி நடப்பதைக் கவனியுங்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் பிரஷர் குளிசையின் அளவை மாற்றுகின்றார்கள். அது அட்டையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அட்டை பெட்டிக்குள் போய்விடுகின்றது. அடுத்த மாதம் ஊர்க் கிளினிக்கில் கொப்பியின் பழைய பக்கத்தைப் பார்த்துப் பழைய அளவே கொடுக்கப்படுகின்றது. இதற்கிடையில் முழங்கால் நோவுக்கென்று கடையில் வாங்கிய டைக்ளோபினாக் குளிசையை அம்மாயி நாள்தோறும் விழுங்குகின்றார். அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்பது வைத்தியருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அம்மாயி அதை விழுங்குகின்றார் என்பது அவருக்குத் தெரியாது. அம்மாயி விழுங்குவது பேரனுக்குத் தெரியும். அது கெடுதல் என்பது பேரனுக்குத் தெரியாது. ஐந்தாவது கடிதமோ சிங்களத்தில் இருந்தது. அதில் குறித்த திகதி சென்ற கிழமையே கடந்துவிட்டது. இங்கே ஒருவர் மீதும் குற்றமில்லை. அவரவர் தம் வேலையைச் சரியாகவே செய்தனர். ஆயினும் அம்மாயி விழுந்து கிடப்பார்.

செக்றோல் தெரிந்த நமக்கு

‘ஒருங்கிணைப்பு’ என்ற சொல் பெரிதாகத் தோன்றினாலும் தோட்டத்து மக்களுக்கு அந்தக் காரியம் புதிதன்று. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தொழில் வளர்ந்ததே கணக்கு வைத்துத்தான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, செக்றோலில் பேர் பதிந்து, மலை பிரித்துக் கொடுத்து, பின்னேரம் கொழுந்து நிறுத்து, இறாத்தல் எழுதினார்கள். எந்தப் பெண் எந்த நாள் எந்த மலையில் எவ்வளவு பறித்தாள் என்பது ஏட்டில் இருந்தது. அவள் வயது போய்ப் பேர் வெட்டிக்கொண்ட மறுநாள் முதல், என்ன மருந்து குடித்தாள், சாப்பிட்டாளா, விழுந்தாளா என்று எழுத ஓர் ஏடு கிடையாது. கொழுந்துக்கு இருந்த ஒழுங்கு அதைப் பறித்தவளுக்கு இல்லாமற் போயிற்று. (இதைத் தோட்ட நிர்வாகங்களை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை, அவளுடைய சம்பளத்தில் படித்து வெளியேறிய நம்மையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.)

முதியோர் தொகை பெருகிவருவதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நாட்டு மக்களில் நூற்றுக்கு 8 பேருக்குச் சற்றுக் குறைவு. 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது நூற்றுக்கு 12 பேரைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம். அதே காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் வேண்டுமென்றே பெற்றோரைக் கைவிடலாகாது என்கின்றது. தம்மைத் தாம் பராமரிக்க இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடவும் வழி செய்கின்றது. நல்ல சட்டம். ஆனால் நம் அம்மாயியின் மகள் அவரைக் கைவிடவில்லை; மாதந்தோறும் பணம் அனுப்புகின்றாள், ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகின்றாள். அவளுக்குத் தெரியாதது குளிசையின் பெயர்தான்.

முதலில் பெயர், பின்புதான் கணனி

கணனியைக் கொண்டுவந்தால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. ஒரு கணனிக்கு அம்மாயியின் முகம் தெரியாது. பெயரும் இலக்கமுமே தெரியும். அந்தப் பெயரும் இலக்கமும் மலையகத்து முதியோருக்கு எவ்வளவு சிக்கலாக வந்து சேர்ந்தன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத்து மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட முனைந்தது. எஞ்சியோருக்கு முழுத் தீர்வு தர 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. இன்று 74 வயதான ஒருவர் அவ்வாண்டில் ஐம்பதைத் தாண்டியிருந்தார். பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே 515 என்றிருந்தால் ஜனவரி 15 இல் பிறந்த பெண். கடைசி எழுத்து ‘வீ’ ஆயின் வாக்குரிமை உள்ளவர், ‘எக்ஸ்’ ஆயின் இல்லாதவர். ஒரு மனிதரின் வரலாறு முழுவதும் ஓர் எழுத்தில்! 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள் மாத்திரமே உள்ளன.

பெயரின் கதை வேறு. இராமாயி என்ற ஒரே பெயர் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும், சிங்களத்தில் எழுதிய அடையாள அட்டையில் ‘ரமாயி’ என்றும், ஆங்கிலத்தில் எழுதிய ஊழியர் சேமலாப நிதி ஏட்டில் ‘ராமாய்’ என்றும் நிற்கக் கூடும். ஓரிடத்தில் தகப்பன் பெயரோடும் வேறோரிடத்தில் கணவன் பெயரோடும் இருக்கும். கிராம உத்தியோகத்தர் அம்மாயியை நேரிற் கண்டால் மூன்றும் ஒருவரே என்று அறிவார். கணனியோ மூன்று பேர் என்று எண்ணும், அல்லது ஒருவருமில்லை என்று சொல்லும். பிறந்த திகதி ஓராண்டு பிந்திப் பதியப்பட்டிருந்தால் 70 வயதில் கிடைக்கவேண்டிய முதியோர் கொடுப்பனவும் ஓராண்டு பிந்தும். வருமானம் குறைந்த 70 வயது கடந்தோருக்கான அக்கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் மாதம் 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அஸ்வெசும திட்டம் 2023 ஜூலையில் கணனித் தரவுகளைக் கொண்டு தொடங்கப்பட்டபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்து குவிந்ததை நாடு முழுதும் அறியும்.

எனவே வாசகரே, உங்கள் வீட்டு முதியவரின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகிய மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பெயரையும் இலக்கத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் திருத்தத்தைக் கேளுங்கள். எந்தச் செயலியையும் இறக்குவதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை இது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவருக்கு மற்றவை பயன்படா.

பொறி எதைச் செய்தது

நம் நாட்டு வைத்தியசாலைகளில் கணனிப் பதிவு புதிதன்று. 2011 ஆம் ஆண்டளவில் கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலையில் நோயாளர் பதிவு, மருந்துச் சீட்டு, ஆய்வுகூட அறிக்கை ஆகியவை கணனியில் ஏறின. பின்னர் வேறு பல வைத்தியசாலைகளும் அம்முறையை மேற்கொண்டன. இதனோடு வந்ததே தனிநபர் சுகாதார இலக்கம். 11 இடங்களைக் கொண்ட அந்த இலக்கம் எந்த வைத்தியசாலையில் கொடுக்கப்பட்டாலும் ஒருவருக்கு ஒன்றுதான். அதன் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எழுதுவினைஞர் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கணக்குப் பொருந்தாது. கணனி உடனே மறுத்துவிடும். பெயரைத் திருத்த வழியற்ற பொறி, இலக்கத்தின் பிழையைக் கண்டுகொள்கின்றது. உங்கள் முதியவருக்கு அப்படியோர் இலக்கம் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தால், வேறு வைத்தியசாலைக்குப் போகும்போதும் அதையே காட்டுங்கள். அட்டையை மறந்துவிட்டுப் போய் இரண்டாவது இலக்கம் பெற்றால் மறுபடியும் இரண்டு அம்மாயிகள் ஆகிவிடுவர்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு விதிக்கப்பட்டபோது நாம் கண்டது இன்னொரு பாடம். மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று குளிசை வாங்கியோர் வீட்டிலே அடைபட்டனர். அப்போது வைத்தியசாலைகளில் மருந்தைப் பொதி செய்து, தபால் ஊழியர் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து செய்தன. தொலைபேசி, கிளினிக் பதிவேடு, தபாற்காரரின் சைக்கிள் மூன்றும் சேர்ந்த ஒருங்கிணைப்பு அது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை. ஆனால் பொதி வந்து சேர ஒரு முகவரியும் ஒரு தொலைபேசி இலக்கமும் தேவை. தோட்டங்கள் பலவற்றில் கடிதம் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடுவது நீண்டகால வழக்கம். லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரி கிடையாது. ஒரு காலத்தில் இது கடிதத்துக்கு மட்டும் இடைஞ்சலாக இருந்தது. இப்போது மருந்துக்கும் இடைஞ்சல், அம்புலன்சுக்கும் இடைஞ்சல்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை எல்லோரும் அறிவர். 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 இல் தனிச் சட்டம் பெற்று, 2019 அளவில் நாடெங்கும் பரவியது. கட்டணம் இல்லை. அழைப்பவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி “எங்கே இருக்கிறீர்கள்?” என்பதே. ‘மேல் டிவிஷன், கோயிலுக்குக் கீழே, மூன்றாவது லயம்’ என்பது நமக்கு விளங்கும். இரவில் வரும் சாரதிக்கு விளங்காது. ஆகவே இன்றே, பகல் வேளையில், வாகனம் வந்து நிற்கக்கூடிய மிகக் கிட்டிய இடத்தில் நின்று, கைத்தொலைபேசியின் வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பிரதான வீதியிலிருந்து திரும்பும் சந்தி, அங்கேயுள்ள கடை அல்லது பாடசாலை ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். பேரனுக்குப் பதற்றத்தில் நாக்குழறினாலும் வாசிக்க முடியும்.

நடக்கும் கால்கள்

பொறி நடக்காது. இதைத் தமிழ்நாடு நன்கு விளங்கிக்கொண்டது. 2021 ஓகஸ்ட் 5 ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளிக் கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தெரிந்தெடுத்த பெண்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர்; வீட்டிலேயே மருந்தைக் கொடுக்கின்றனர். படுக்கையில் கிடப்போருக்கு நோவு தணிக்கும் தாதியும் உடற்பயிற்சி தருவோரும் வருகின்றனர். விவரங்கள் கைக்கருவியில் பதியப்படுகின்றன. 2024 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதொன்றும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. விருது செயலிக்குக் கிடைத்ததாக எண்ணவேண்டாம். வாசற்படி ஏறிய அந்தப் பெண்களை நீக்கிவிட்டால் செயலியில் பதிவதற்கு ஒன்றுமே இராது.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் டோர்பே என்றோர் இடம் உண்டு. முதியோர் மிகுதியாக வாழும் பகுதி. அங்கே 2005 ஆம் ஆண்டு சுகாதாரப் பகுதியையும் சமூக நலப் பகுதியையும் ஒரே நிறுவனமாக இணைத்தார்கள். இணைக்கும்போது அவர்கள் கையாண்ட உபாயம் வெகு எளிது. ‘திருமதி ஸ்மித்’ என்று ஒரு முதிய பெண்ணைக் கற்பனை செய்து, ஒவ்வொரு மாற்றத்தையும் “இதனால் திருமதி ஸ்மித்துக்கு என்ன ஆகும்?” என்று கேட்டே செய்தார்கள். நம் அம்மாயி அந்தத் திருமதி ஸ்மித்தின் தெல்தோட்டைச் சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இணைப்பாளர் நியமிக்கப்பட்டார். அவர் வைத்தியரல்லர், தாதியுமல்லர். தொலைபேசியை எடுப்பவர், யாரிடம் எதைச் சொல்லவேண்டும் என்று அறிந்தவர், சொன்னது நடந்ததா என்று மறுநாள் கேட்பவர். நம் ஊர்களில் இல்லாதது இந்த மனிதர்தான். செயலிகள் போதிய அளவு இருக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு முதியவருக்கும் ‘நூல் பிடிப்பவர்’ ஒருவர் வேண்டும். படித்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. மூத்த மகனாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. பெரும்பாலும் மூத்த மகன் கொழும்பிலிருந்து உத்தரவிடுவாரேயன்றி நூல் பிடிக்கமாட்டார். அருகில் இருப்பவராகவும், கேட்டதை எழுதிவைப்பவராகவும், முதியவர் நம்புகின்றவராகவும் இருந்தாற் போதும். பேரன் தரம் 10 இல் படிக்கின்றான் என்பதால் அவன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாகாது. அவனுக்கும் பரீட்சை உண்டு. மருமகளோ, பக்கத்துக் காம்பிராக்காரியோ, கிராம மட்ட முதியோர் சங்கத்தில் உள்ள ஓர் இளையவரோ இருக்கலாம்.

நூல் பிடிப்பவர் செய்யவேண்டியதைச் சொல்லுகின்றோம். ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் பின்னர் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும், மருந்து உறைகள் எல்லாவற்றையும், கடையில் வாங்கிய குளிசை, ஆயுர்வேத எண்ணெய், கஷாயம் உட்பட ஒரே துணியில் பரப்பி ஒரே படமாக எடுக்கவேண்டும். அந்தப் படம் மகனுக்கும் மகளுக்கும் போகவேண்டும். அடுத்த தடவை எந்த வைத்தியரைப் பார்த்தாலும் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டவேண்டும். வாயால் “வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சட் குளிசை பாதி” என்று சொல்வதிலும் அது ஆயிரம் மடங்கு மேலானது. அடுத்த கிளினிக் திகதியைக் கைத்தொலைபேசியின் நாட்காட்டியில் முதல் நாளே மணி அடிக்கும்படி வைக்கவேண்டும். அரச கடிதம் எந்த மொழியில் வந்தாலும் அன்றைக்கே படமெடுத்து, வாசிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பி, அதிலுள்ள திகதி என்னவென்று முதலிற் கேட்கவேண்டும். மற்ற விவரங்களை ஆறுதலாக அறியலாம்.

ஆறு கேள்விகள்

இதுவரை சொன்னவை நோய் வந்தபின் செய்பவை. வருமுன் அறிவதற்கும் ஒரு வழி உண்டு. உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்பு என்ற பெயரில் 2017 இல் வழிகாட்டியையும், 2019 இல் கைந்நூலையும் அதற்கேற்ற செயலியையும் வெளியிட்டது. நோயின் பெயரைக் கேட்பதை விடுத்து, முதியவருக்கு எவை இயலுகின்றன என்று ஆறு வகையிற் பார்க்கச் சொல்லுகின்றது அது.

ஞாபகத்துக்கு மூன்று சொற்கள்: பூ, கதவு, அரிசி. அவற்றைச் சொல்லி, இன்றைய திகதி என்ன, இப்போது எங்கே இருக்கின்றோம் என்று கேட்டபின், மூன்று சொற்களையும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நடமாட்டத்துக்கு, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து அமரச் சொல்லுங்கள். 14 விநாடிக்குள் முடிகின்றதா என்று பாருங்கள். (நாற்காலியைச் சுவரோடு சேர்த்து வைத்து, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சோதிக்கப் போய் விழுத்திவிட வேண்டாம்.) போசாக்குக்கு, கடந்த மூன்று மாதத்தில் தாமாகவே 3 கிலோவுக்கு மேல் மெலிந்தாரா, பசி குறைந்ததா என்று கேளுங்கள். தராசு இல்லாவிட்டால் சட்டை தளர்ந்துவிட்டதா என்று பார்க்கலாம். கண் பார்வைக்கு, தூரத்தில் உள்ளதும் கிட்டத்தில் உள்ளதும் தெரிகின்றனவா என்று கேட்கவேண்டும். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவருக்குக் கண் தனிக் கவனத்துக்குரியது. செவிக்கு, ஒரு கை தூரத்தில் பின்பக்கமாக நின்று மெல்லக் குசுகுசுத்துச் சொல்லும் சொற்கள் கேட்கின்றனவா என்று பாருங்கள். மனத்துக்கு, கடந்த இரண்டு கிழமைகளில் சோர்ந்து இருந்தாரா, முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் நாட்டம் குறைந்ததா என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை நம்மவர் கேட்பதே இல்லை. “வயசுதானே” என்று விட்டுவிடுவோம். தனியே கிடக்கும் ஒருவர் சாப்பாட்டைக் குறைப்பதும் குளிசையை விடுவதும் பலமுறை அங்கேதான் தொடங்குகின்றது. இவற்றுட் சிலவற்றைக் குவைத்திலுள்ள மகளே ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கேட்டுவிடலாம். பூ, கதவு, அரிசி தொலைபேசியில் நடக்கும். நாற்காலிச் சோதனையை, யாராவது அருகில் நின்றால், வீடியோவில் பார்க்கலாம். குசுகுசுப்புச் சோதனைக்கு நேரில் ஆள் வேண்டும். பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரில் 2020 முதல் முதியோர் இச்சோதனையைக் கைத்தொலைபேசிச் செயலியில் தாமே செய்து வருகின்றனர். பதிலில் வேறுபாடு தெரிந்தால் செயலி அபாய மணி அடிக்கும். ஆனால் அதைக் கேட்டு முதியவரை அழைத்துப் பேசுபவர் ஒரு தாதி. இது நோயைத் தீர்மானிக்கும் பரீட்சை அன்று என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள். ஏதாவதொன்றில் குறை கண்டால், திகதியோடு எழுதி அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் செய்து முந்தியதோடு ஒப்பிடுங்கள். ஒப்பீட்டில்தான் அதன் பயன் இருக்கின்றது.

யாருடைய இரகசியம்?

முதியவரின் உடம்பு அவருடையது. வட்ஸ்அப்பில் ஒரு குழு அமைக்குமுன் அவரிடம் கேளுங்கள். யாருக்கு என்ன தெரியலாம் என்பதை அவர் சொல்லட்டும். மகளுக்குத் தெரியலாம், மருமகனுக்கு வேண்டாம் என்றால் அப்படியே ஆகட்டும். ஐந்தாறு பேருக்கு மேல் குழு வளர்ந்தால் அது சங்கக் கூட்டமாகிவிடும். புண்ணின் படமும் ஆய்வுகூட அறிக்கையும் ஊரெல்லாம் சுற்றும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் காப்புக்குரியதாக வைத்திருக்கின்றது. அது நிறுவனங்களை நோக்கிய சட்டமாயினும் அதன் நியாயம் குடும்பத்துக்கும் பொருந்தும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்து நூலைப் பிடிப்பவரே வங்கி நூலையும் பிடிக்கவேண்டும் என்பதில்லை. இரண்டும் இரண்டு பேரிடம் இருப்பது நல்லது. வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடைக்காரரிடம் விட்டுவைப்பது, தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டவருக்கெல்லாம் சொல்வது இரண்டும் ஒரே தீமைதான். “கொடுப்பனவு கூட்டித் தருகிறோம், இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று எந்த வங்கியும் கேட்காது என்பதை அம்மாயிக்குப் பலமுறை சொல்லிவையுங்கள்.

சிக்னல் இல்லாத நாள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மண்சரிவுகளால் வீதிகள் துண்டாடப்பட்டன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அப்படிப்பட்ட நாளில் குவைத்திலுள்ள படமும் கொழும்பிலுள்ள நாட்காட்டியும் உதவா. எனவே எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வீட்டில் வைத்திருப்பது அவசியம். முழுப் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே, அடையாள அட்டை இலக்கமும் சுகாதார இலக்கமும், நோய்கள், குளிசைகளின் பெயரும் அளவும், காலையா இரவா என்பதும், ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் அது சிவப்பு மையில், எந்தக் கிளினிக், மாதத்தில் எந்த நாள், நூல் பிடிப்பவரின் பெயரும் தொலைபேசியும், அவர் இல்லாதபோது இன்னொருவருடையதும். மருந்துகளின் பெயரை உறையில் உள்ளபடி ஆங்கிலத்திலும், மற்றவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்; மீட்க வருபவர் எந்த மொழிக்காரர் என்று நமக்குத் தெரியாது. கிளினிக் மருந்தில் ஒரு கிழமைக்குரியதை ஒரு சிறு போத்தலில் தனியே வைத்து, மாதந்தோறும் புதிய குளிசை வந்ததும் பழையதை முதலில் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவராயின் மின்சாரமில்லாதபோது அதை எப்படி வைப்பது என்று கிளினிக்கிலேயே கேட்டு அதே பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தை மழை நனைக்காத பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தகரப் பெட்டியின் அடியில் வைக்காமல், கதவின் உட்புறத்தில், அம்புலன்சுக்கு வழி எழுதிய துண்டின் கீழே தொங்கவிடுங்கள். குளிசை மாறும்போதெல்லாம் பழைய வரியை அடித்துவிட்டுப் புதியதைத் திகதியோடு எழுதுங்கள். எழுதி முடித்ததும் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.